பழம்புளியும் பழந்தேயிலையும்

காரியாபட்டிப் பக்கம் மாசி பிறந்துவிட்டால் திண்ணைக்குத் திண்ணை புளி குவிந்துவிடும். மரத்தை உலுக்கி, பழம் பொறுக்கி, ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டி எடுக்கும் வேலை பங்குனி முடியும்வரை நடக்கும். என் அப்பத்தா அந்த வேலையின் கடைசிக் கட்டத்தை மட்டும் யாரிடமும் விடமாட்டார். இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்த புளியில் கல்லுப்பைத் தூவி, உள்ளங்கையால் அழுத்தி உருண்டை பிடிப்பார். உருண்டைகளைப் பீங்கான் ஜாடியில் அடுக்கி, இடைவெளி இல்லாமல் கைமுட்டியால் இறுக்கி, வாயை வெள்ளைத் துணியால் கட்டுவார். அந்த வருஷத்துப் புளி அந்த வருஷத்துக் குழம்புக்கு வராது. செம்பழுப்பாக உள்ளே போனது கன்னங்கரேல் என்று வெளியே வரும்வரை அது இருட்டறையில் இருக்க வேண்டும்.

அப்பத்தா எனக்கு விதித்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். “ஐயா, ஈரக் கைய ஜாடிக்குள்ள விட்டுராத.” புளி எடுத்துவரச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்வார். கையைக் கழுவினால் போதாது, வேட்டியில் துடைத்தாலும் போதாது. அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்திவிட்டுத்தான் ஜாடியைத் திறக்க வேண்டும். பின்னாளில் வேதியியல் படித்து, உணவுப் பொருள்கள் எப்படிப் பழசாகின்றன என்று தேடிப் போனபோதுதான் அந்த ஒரு வரியின் ஆழம் எனக்குப் பிடிபட்டது.

இந்த அத்தியாயம் சீனாவில் விளையும் வெள்ளைத் தேயிலையைப் பற்றியது. அதைப் பறித்து, வாட்டி, வட்டாக அழுத்தி, வருஷக்கணக்கில் வைத்திருந்து குடிக்கிறார்கள். ஓராண்டு ஆனால் தேயிலை, மூன்றாண்டு ஆனால் மருந்து, ஏழாண்டு ஆனால் புதையல் என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. ஆண்டு ஏற ஏற மதிப்பு ஏறும் என்கிறது அது. அந்த இலைக்குள் வேலை செய்வது ஆண்டுகள்தானா? அப்பத்தாவின் ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் விடை தெளிவாகக் கிடைக்கிறது.

கையில் ஒரு வட்டு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, கசங்கிய வெள்ளைத்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கொடுத்தான். பிரித்தால் உள்ளே ஒரு வட்டு. சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வட்டு என்ற சொல்தான் முதலில் வந்தது. ஒரு சாண் அகலம், ஓரம் மெலிந்து நடு தடித்த உருவம், எடை 350 கிராம்.

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன், அப்படி இல்லை. காய்ந்த வேப்பிலை நிறத்தில் சில இலைகள், கருப்பட்டி நிறத்தில் சில, இன்னும் பச்சை மாறாத ஓரங்கள், நடுநடுவே காம்புகள், அங்கங்கே வெள்ளி முடி போர்த்திய கொழுந்து. ஓர் இலைகூட நசுங்கவில்லை, நரம்பை எண்ணிவிடலாம். மூக்கருகே கொண்டுபோனபோது எனக்கு நினைவுக்கு வந்தது டீக்கடை மணம் அல்ல, பள்ளிக்கூட வாசலில் பாட்டி விற்ற இலந்தை வடை. பழுத்து வதங்கிய இலந்தைப்பழத்தின் இனிப்பும் புழுக்கமும் கலந்த அதே வாசனை.

அது என் நினைவின் மயக்கம் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்தபோது, முதிர்ந்த வெள்ளைத் தேயிலையின் மணத்தைச் சீனர்களே இலந்தை மணம் என்றுதான் வருணிக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் சொல்வது பெரிய பழம் காய்க்கும் சீன இலந்தை. நம் கரிசல் காட்டு இலந்தை அதே பேரினத்தில் பிறந்த உடன்பிறப்பு.

வாட்டுவதும் உலர்த்துவதும் மட்டும்

இந்தத் தேயிலையின் தாயகம் சீனாவின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஃபூஜியன் மாநிலம். அங்கே ஃபூடிங், செங்ஹே என்ற இரண்டு ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. ஃபூடிங்கில் வளரும் பெரிய வெள்ளை ரகச் செடிகளின் கொழுந்தில் மென்முடி அடர்த்தியாக இருக்கும். வெள்ளைத் தேயிலை என்ற பெயர் அந்த முடியிலிருந்து வந்தது. வசந்த காலத் தொடக்கத்தில் வெறும் மொட்டை மட்டும் பறித்தால் வெள்ளி ஊசி. மொட்டோடு ஓரிரு இலை சேர்ந்தால் வெள்ளைப் பியோனி. முற்றிய இலையும் காம்புமாகப் பறிப்பது ஷோமெய். ஹாங்காங்கின் உணவகங்களில் பல தலைமுறையாகத் தினசரி ஓடும் எளிய தேநீர் அந்த ஷோமெய்தான். என் கைக்கு வந்த வட்டும் அதில் செய்ததே.

செய்முறையைச் சொல்ல இரண்டு வினைச்சொற்கள் போதும்: வாட்டு, உலர்த்து. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். அதை மூங்கில் தட்டில் மெல்லப் பரப்பி, வெயிலிலும் நிழலிலுமாக ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள்வரை விட்டுவிடுவார்கள். பிறகு குறைந்த சூட்டில் உலர்த்துவார்கள். வறுப்பதில்லை, உருட்டுவதில்லை, நசுக்குவதில்லை. நம் ஊரில் வற்றல் போடத் தெரிந்த எவருக்கும் இந்த வேலை புரியும். இதில் உள்ள நுட்பமும் புரியும்: வெயில் கூடினால் மேல்புறம் முறுகி உள்ளே ஈரம் தங்கும், வெயில் குறைந்தால் புளித்த வாடை வரும்.

வாடும் அந்த நேரத்தில் இலை சும்மா கிடப்பதில்லை. பறித்த பின்னும் பல மணி நேரம் அதன் செல்கள் உயிரோடு இருக்கின்றன. தண்ணீர் குறையக் குறைய அவை தம் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்குகின்றன. இனிப்பும் சுவைச்சாரமும் அங்கே சேர்கின்றன.

குலுக்கையில் நெல்லும் பானையில் மாவும்

எல்லாத் தேயிலையையும் இப்படிப் பழசாக்க முடியுமா? முடியாது. காரணத்தை அறிய இலையின் ஒரு செல்லுக்குள் போக வேண்டும்.

தேயிலைச் செல்லில் இரண்டு பொருள்கள் வேறு வேறு அறைகளில் இருக்கின்றன. துவர்ப்புக்குக் காரணமான கேட்டச்சின்கள் ஓர் அறையில். அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்துவிடும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இன்னோர் அறையில். நடுவே மெல்லிய சவ்வு. சவ்வு கிழிந்தால் இரண்டும் கலந்து இலை பழுப்பாகும். வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் இதே வழியில்தான்.

நம் பேருந்து நிலையக் கடையில் பாய்லர் பக்கத்தில் துணி வடிகட்டியில் இறங்கும் டஸ்ட் டீ எப்படி உருவாகிறது? 1930இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சிடிசி எந்திரத்தின் பல்லுருளைகள் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிவிடுகின்றன. ஒரு சவ்வும் மிஞ்சுவதில்லை. நொதியும் கேட்டச்சினும் முழுசாகக் கலந்து, ஒன்று இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அதனால்தான் அந்தத் தூள் பாலிலும் சர்க்கரையிலும் அடங்காத நிறமும் கடுப்பும் தருகிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தூளில் நடக்க வேண்டியது ஏதும் இல்லை. மணம் ஆவியாகிக் குறைவது மட்டும்தான் மிச்சம். பச்சைத் தேயிலையிலோ பறித்த உடனே சூடு காட்டி நொதியை முடக்கிவிடுகிறார்கள். அது புதிதாக இருக்கும்போதே குடிக்க வேண்டியது.

வெள்ளைத் தேயிலை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சவ்வுகள் வாட்டத்தில் தளர்கின்றனவே தவிர நார்நாராகக் கிழிவதில்லை. கேட்டச்சின்களில் ஒரு பகுதி மாறுகிறது. மீதி அப்படியே தங்கிவிடுகிறது. குலுக்கையில் கொட்டிய நெல்லுக்கும் பானையில் போட்ட மாவுக்கும் உள்ள வேறுபாடு இது. உமியோடு இருக்கும் நெல் வருஷம் தாண்டும். அரைத்த மாவு ஒரு மழையைத் தாங்காது. முழு இலையாக, தன் சரக்கைச் செலவழிக்காமல் காத்திருப்பதே வெள்ளைத் தேயிலையின் பலம்.

இந்தச் செடிக்கும் நமக்கும் உறவு புதிதல்ல. 1835இல் நீலகிரியின் கேத்தியில் நட்டுப் பார்த்த தேயிலை, சீனத் தேயிலை. அபினிப் போர்க் காலத்துச் சீனக் கைதிகள் நடுவட்டத்தில் அடைக்கப்பட்டிருந்தார்கள். நீலகிரியின் தொடக்ககாலத் தோட்டங்களில் அவர்களின் உழைப்பும் உண்டு. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசின் டான்டீ தோட்டங்கள் வளர்ந்தன. கொழுந்து பறிப்பதில் தமிழ்க் கைகளுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழக்கம் இருக்கிறது. நீலகிரியின் உயரமான தோட்டங்கள் சிலவற்றில் இன்று வெள்ளைத் தேயிலையும் செய்கிறார்கள். இலங்கையில் மென்முடி அடர்ந்த டிஆர்ஐ 2043 என்ற ரகத்திலிருந்து வெள்ளி முனைத் தேயிலை எடுக்கிறார்கள். ஆனால் இவை உதிரி இலையாகவே விற்கப்பட்டு, புதிதாகவே குடிக்கப்படுகின்றன. வட்டாக அழுத்தி முதிரவைக்கும் வேலை சீனாவில்தான் வேர்கொண்டிருக்கிறது.

ஏன் அழுத்த வேண்டும்?

தேயிலையை அழுத்தி வட்டாக்குவது சீனர்களுக்குப் பழைய கலை. 8ஆம் நூற்றாண்டில் லூ யூ எழுதிய தேயிலை நூல் விவரிப்பதே அழுத்திய தேயிலையைத்தான். 1391இல் மிங் பேரரசர் ஹோங்வூ, அரண்மனைக்குச் செலுத்தும் தேயிலையை இனி உதிரியாகவே அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டார். வட்டுகள் அரண்மனையை விட்டுப் போயின; மலைப்பாதை வணிகத்தில் மட்டும் தங்கின. வெள்ளைத் தேயிலையை வட்டாக அழுத்தி விற்பது பரவலானது இந்த நூற்றாண்டில்தான். அதற்கான சீன தேசியத் தரநிலை 2015இல் வெளிவந்தது.

அழுத்தும் முறை எளிது. எடை போட்ட இலையைச் சற்று நேரம் ஆவியில் காட்டினால் அது மிருதுவாகும். துணிப்பையில் சுருட்டி, கல்லாலோ எந்திரத்தாலோ அழுத்துவார்கள். இலையின் சொந்தப் பெக்டினும் சர்க்கரையும் பசையாகிப் பிடித்துக்கொள்ளும். வேறு ஒட்டுப்பொருள் தேவையில்லை.

முதல் பயன் இடம். உதிரி ஷோமெய் காய்ந்த சருகு மாதிரி பரந்து கிடக்கும். ஒரு கிலோ ஒரு பெரிய பையை நிறைத்துவிடும். வட்டாக்கினால் அலமாரியில் அடுக்கலாம். இரண்டாவது பயன்தான் நம் பேச்சுக்கு முக்கியம். வட்டின் உள்ளே காற்று மெதுவாகத்தான் போகும், ஈரமும் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். வெளியே வானிலை தினம் மாறினாலும் நடுப்பகுதி நிதானமாக இருக்கும். அப்பத்தா ஜாடியில் முட்டியால் இறுக்கியதும் இதற்குத்தான்.

ஆனால் அழுத்துவதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆவியில் காட்டும்போது இலைக்குள் தண்ணீர் ஏறுகிறது. அதை முழுசாக வெளியேற்ற, குறைந்த சூட்டில் பொறுமையாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்புறம் காய்ந்து, நடுவில் ஈரம் சிறைப்பட்டுவிடும். அது உள்ளேயே புழுங்கி, நடுப்பகுதி கரிந்ததுபோல் கறுத்துவிடும். சீனத் தேயிலைக்காரர்கள் இந்தக் குறைக்கு நெஞ்சு கருகல் என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரம் காயாத வைக்கோலைப் படப்பு போட்டவர்களுக்கு இது தெரிந்த துயரம். வெளியே பொன்னிறமாக நிற்கும், உள்ளே கைவிட்டால் சுடும், பிரித்தால் கருப்பு.

ஈரம் எவ்வளவு என்பதல்ல கேள்வி

சீனத் தரநிலைப்படி வெள்ளைத் தேயிலையில் ஈரம் 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்பத்தாவின் புளியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தண்ணீர் இருக்கலாம், அது கெடுவதில்லை. தேயிலையில் அதே அளவு ஈரம் இருந்தால் கொஞ்ச நாளில் பூஞ்சை பூத்துவிடும். ஏன் இப்படி?

1950களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் இதற்குத் தெளிவான விடை கொடுத்தார். ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு தண்ணீர் கட்டுப்படாமல் திரிகிறது என்பதே முக்கியம். இதை நீர்ச் செயல்பாடு என்கிறோம். சுத்தமான தண்ணீருக்கு மதிப்பு 1. இந்த மதிப்பு 0.6க்குக் கீழே போய்விட்டால் எந்தப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர முடியாது. புளியில் சர்க்கரையும் அமிலமும் அப்பத்தா தூவிய உப்பும் தண்ணீரைப் பிடித்துக் கட்டிவைக்கின்றன. தேயிலையில் அத்தகைய காவல் குறைவு. அங்கே தண்ணீரையே குறைத்தாக வேண்டும்.

இந்த எண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு. ஓர் அறையின் காற்றில் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், அங்கே நெடுநாள் இருக்கும் பொருளின் நீர்ச் செயல்பாடும் 0.6க்கு வந்து நிற்கும். இலை காற்றோடு பேசிக்கொண்டே இருக்கிறது. காற்று ஈரமானால் வாங்கும், காய்ந்தால் கொடுக்கும். 350 கிராம் வட்டில் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 10 ஆனால் எடை ஏறத்தாழ 8 கிராம் கூடும். வீட்டுத் தராசிலேயே இதைப் பார்க்கலாம். ஐப்பசி அடைமழையில் என் வட்டு கனத்தது. தை வெயிலில் இளைத்தது.

காற்றின் ஈரத்தைக் கவனித்து வாழ்வதில் எங்கள் மாவட்டத்துக்கு நல்ல பயிற்சி. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெறும் மண் இது. 1922இல் எங்கள் மாவட்டத்துச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அதன் பின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் சிவகாசியில் வேரூன்ற இந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். பட்டாசுக்கு வெடியுப்பைத் தேர்ந்தெடுத்ததிலும் ஈரத்தின் கணக்கு இருக்கிறது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். சோடியம் நைட்ரேட் அதைவிட மலிவானது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 74 சதவீதத்தைத் தாண்டினால் அது தண்ணீரை இழுத்துக் கசிந்துவிடும். பொட்டாசியம் நைட்ரேட் 92 சதவீதம்வரை உலர்ந்தே நிற்கும். அழுத்திய தேயிலையைப் பற்றி லூ யூ எழுதியதும், அடுத்த நூற்றாண்டில் வெடிமருந்து கண்டறியப்பட்டதும் ஒரே சீனாவில், டாங் அரசர்கள் காலத்தில்தான். இரண்டு சரக்கையும் காப்பாற்றியது காய்ந்த அறை.

இலைக்குள் நடக்கும் மெதுவான வேலை

பூஞ்சைக்கு இடம் கொடுக்காமல் வைத்தாயிற்று. இனி இலைக்குள் என்ன நடக்கிறது?

முதலில் பச்சை வாடை போகிறது. புதிய இலையின் புல் மணத்துக்குக் காரணமான சிறு மூலக்கூறுகள் ஆவியாகியும் ஆக்சிஜனோடு சேர்ந்தும் குறைகின்றன. அவை மறைத்திருந்த இனிப்பு மணமும் மர மணமும் மேலே வருகின்றன. அடுத்து, கேட்டச்சின்கள் படிப்படியாகக் குறைகின்றன. ஆக்சிஜன் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பெரிய, நிறமுள்ள மூலக்கூறுகளாக்குகிறது. அதனால் துவர்ப்பு தணிகிறது. வடித்த நீர் வெளிர்மஞ்சளிலிருந்து ஆரஞ்சாகவும் செம்பழுப்பாகவும் மாறுகிறது. காஃபீன் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. பழைய தேயிலை மென்மையாக இருக்கிறதே என்று இரவில் குடித்தால் தூக்கம் கெடலாம்.

மூன்றாவது மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலும் தேயிலைக்கே உரிய ஓர் அமினோ அமிலம் உண்டு, பெயர் தியானைன். 1949இல் ஜப்பானில் இதைக் கண்டறிந்தார்கள். தேநீரின் மென்சுவைக்குப் பெரிதும் காரணம் இது. பல ஆண்டு ஒரே இலைக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது தியானைன் சிதைந்து, பைரோலிடினோன் என்ற சிறு வளையமாகச் சுருண்டு, பக்கத்தில் உள்ள கேட்டச்சினின் உடலில் ஒட்டிக்கொள்கிறது. துவர்ப்பும் மென்சுவையும் கைகோத்துப் புது மூலக்கூறு பிறக்கிறது. ஹாங்சோவில் உள்ள சீன வேளாண் அறிவியல் கழகத்தின் தேயிலை ஆய்வு நிலையத்தார், பல வயதுள்ள வெள்ளைத் தேயிலைகளில் இத்தகைய 7 மூலக்கூறுகளைக் கண்டு 2018இல் வெளியிட்டார்கள். வைத்திருந்த காலம் கூடக்கூட அவற்றின் அளவும் கூடியது.

புளி கறுப்பதற்கும் இதற்கும் உறவு உண்டு. புளியில் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பு நிறப் பொருள்களை உண்டாக்குகின்றன. 1912இல் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மயார் விவரித்த வினை அது. தோசை முறுகுவதும் அதே வினையால்தான். கல்லில் இரண்டு நிமிஷத்தில் நடப்பது ஜாடியில் இரண்டு வருஷம் எடுத்துக்கொள்கிறது. தியானைன் சிதையும் வழி அந்த வினையின் குடும்பத்தைச் சேர்ந்தது.

வருஷம் பொய் சொல்லும்

இப்போது சொலவடைக்கு வருவோம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பெரும்பாலான வேதிவினைகள் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும் என்பது தோராயக் கணக்கு. ஃபூடிங்கின் ஆண்டுச் சராசரி வெப்பம் 18, 19 டிகிரி. காரியாபட்டியில் 28க்குக் குறையாது. ஒரே வட்டை இரண்டாக உடைத்து இரண்டு ஊரிலும் ஏழு வருஷம் வைத்தால் இரண்டு வேறு தேயிலைகள்தான் கிடைக்கும். இங்கே சூடு வேகத்தைக் கூட்டும். கோடை வறட்சி ஈரத்தை உறிஞ்சி வேகத்தைக் குறைக்கும். அதிகச் சூட்டில் மணம் பறந்துவிடும். நாட்காட்டி இரண்டு வீட்டிலும் ஏழு என்றே காட்டும்.

இந்த வினைகளை அவசரப்படுத்தவும் முடியும். தண்ணீர் தெளித்துக் குவித்தாலோ, சூடேற்றினாலோ சில வாரங்களில் இலை கறுத்துவிடும். அந்த 7 மூலக்கூறுகளின் வகையைச் சேர்ந்தவை, தேயிலையைக் கடுமையாக வறுத்தாலும் உருவாகின்றன. ஆக, ஆய்வகக் கருவிகூட வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்றுதான் சொல்லும். அது எப்படி நடந்தது என்பதை மூக்கும் நாக்கும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

இது நான் பணம் கொடுத்துக் கற்ற பாடம். முதல் வட்டு தந்த ஆசையில், பதினைந்து வருஷப் பழசு என்று சொன்ன ஒரு கடையில் இன்னொன்று வாங்கினேன். பிரித்ததும் ஒரே கருப்பு. எந்த இலையும் தன் நிறத்தில் இல்லை. ஊசியால் நெம்பி நடுவில் உடைத்தபோது அடுக்கடுக்காகப் பிரியாமல் மண்கட்டி போலப் பொடிந்தது. வெந்நீர் ஊற்றினேன். முதலில் மழையில் நனைந்த சாக்கு வாடை, பிறகு தொண்டையில் ஒரு புளிப்பு. கையிலிருந்தது நெஞ்சு கருகிய வட்டு. உண்மையாக முதிர்ந்த இலையில் நிறங்கள் கலந்திருக்கும், நரம்பு தெரியும், ஊறியபின் இலை மெல்ல விரியும். நனைத்துக் கறுப்பாக்கிய இலை விரிவதில்லை.

மருந்து என்ற சொல்லையும் அளந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். முதிர்ந்த வெள்ளைத் தேயிலையைச் செல்களிலும் எலிகளிலும் சோதித்திருக்கிறார்கள். நம்பிக்கை தரும் முடிவுகள் சில உண்டு. மனிதனின் நோயைத் தீர்க்கும் என்று சொல்ல அவை போதா. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போக வேண்டும். இந்தத் தேநீரை அதன் சுவைக்காகக் குடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வைக்கும் விதம்

காரியாபட்டியில் ஒரு வட்டை நல்லபடி வைக்க முடியும். மேற்குச் சுவர் ஒட்டாத அறை, தரையிலிருந்து உயரமான அலமாரி, இருட்டு. தாளில் சுற்றி, பைக்குள் போட்டு மூடி, அட்டைப்பெட்டியில் வைக்கலாம். மசாலா டப்பாவும் ஊதுபத்தியும் பக்கத்தில் வரக் கூடாது. தேயிலை அக்கம்பக்கத்து மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது. எங்கள் பக்கத்தில் காலை நேரக் காற்றின் ஈரப்பதம் 80ஐத் தாண்டும் காலம் அது.

போன தை மாதம் என் மகள் கேட்டாள் என்று பெட்டியை இறக்கினேன். ஊசியை வட்டின் ஓரத்தில் படுக்கவைத்துச் செருகி மெல்ல நெம்பினால் இலைகள் தாள்தாளாகப் பிரியும். ஐந்து கிராம் எடுத்து, சட்டியில் கொதிக்கும் நீரில் போட்டுச் சிறு தீயில் வைத்தோம். செம்பழுப்பு இறங்க இறங்கச் சமையலறை முழுக்க இலந்தை மணம். அப்பத்தாவின் ஜாடி மேல்தட்டில் இருந்தது. அவர் போன பிறகும் மாசிதோறும் புளி அடைக்கிறோம்.

மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, தானே ஒரு துண்டு பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டாள். அப்போதுதான் தம்ளர் கழுவிவிட்டு வந்திருந்தாள். வட்டை நோக்கி நீண்ட விரல்களைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

“பாப்பா, கை காஞ்சிருச்சா?”

அவள் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் போய், இரண்டு கையையும் சூட்டில் காட்டினாள்.